ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி

குருநகர்,
தவக்காலம் ஐந்தாம் கிழமை, செவ்வாய்.

அன்புள்ள ஜெரி அண்ணைக்கு,

தங்கச்சி லவீனா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். முதற் சொல்லை எழுதக் கை வரவில்லை. அதனால் உங்கள் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே குளிர் குறைந்துவிட்டதா? இருமல் நின்றுவிட்டதா?

கடிதத்தைக் கண்டதும் பயந்திருப்பீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் நடந்துவிடவில்லை. எங்கள் ஒழுங்கையில் வீடுள்ள நிரோஜினி அக்கா தாயின் ஆண்டுத் திருப்பலிக்காக வந்து நின்றவர், வியாழக்கிழமை பாரிசுக்குத் திரும்புகிறார். உங்களுக்கென்று அம்மா கட்டிக் கொடுக்கும் பனங்கிழங்கு ஒடியல் மாப் பொதிக்குள் இதை வைக்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும் என்று அக்கா சொன்னார். கட்டாயம் வெள்ளிக்கிழமையே வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் வாசித்தால்தான் பிரயோசனம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரு போன். நீங்கள் அழைப்பு எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைப்பார். அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டு மார்க்கண்டு மாமாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உங்களிடம் சுகம் விசாரிப்பார். அத்தனை பேருக்கும் நடுவில் நான் வாய் திறப்பேன் என்று நினைக்கிறீர்களா? தனியாக எழுதி அனுப்பினாலும் நீங்கள் உடனே திருப்பி எடுப்பீர்கள். கோபத்தில் எடுப்பீர்கள். அம்மா கேட்பார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பேனை என்றால் என்னை இடையில் மறிக்காது.

அம்மா வழமைபோல நண்டுக் கொம்பனிக்குப் போகிறார். காலை ஆறு மணிக்கு வாகனம் வரும். ஓட்டிலிருந்து சதை எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது, இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுக்கிறார். இந்தத் தவக்காலம் முழுக்க மீன் சாப்பிடுவதில்லை என்று எங்கள் கோயில் புனித யாகப்பருக்கு நேர்ந்திருக்கிறார். நாள் முழுக்க நண்டுக்குள் கை வைத்திருந்துவிட்டு வந்து, பருப்பும் சோறும் சாப்பிடுகிற அம்மாவைப் பார்க்க எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அந்த நேர்த்தி அப்பாவின் சிறுநீரக வருத்தத்துக்கென்று உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

விபூதிப் புதனுக்கு ஒரு கிழமை முன்னர் நீங்கள் ஒரு வீடியோ அனுப்பினீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கழுத்தில் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாற்பது நாளில் பழுதான சிறுநீரகம் புதிதாகிவிடும் என்று சொன்னார். விடிய வெறும் வயிற்றில் ஒரு கோப்பை முருங்கையிலைச் சாறு, பிறகு பகலுக்கு இரண்டு இளநீர், நாற்பது நாளும் இடைவிடாமல். அம்மா அதை மூன்று தரம் பார்த்தார். மூன்றாம் தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாப்பது நாள் எண்டுறார். தவக்காலமும் நாப்பது நாள்தானே. இது சும்மா வந்த கணக்கில்லை, யாகப்பர் ஜெரியின்ரை கையாலை அனுப்பியிருக்கிறார்" என்றார். அன்றைக்கே நேர்த்தி வைத்துவிட்டார். அப்பா நாற்பது நாளும் விடாமல் குடிப்பது, அம்மா நாற்பது நாளும் மீன் தொடாமல் இருப்பது. அதனால் அது மருந்தாக இருக்கவில்லை, அண்ணை. நிறுத்தினால் பாவம் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

இலை உருவி அரைப்பது என் வேலை. இளநீரை அம்மா தன் கையாலேயே வெட்டி வைத்துவிட்டுத்தான் வாகனம் ஏறுவார்.

ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் முதற் கேள்வியாக அதைத்தான் கேட்டீர்கள். "அப்பா, குடிச்சனீங்களோ?" அப்பா சொல்லுவார், "ஓம் மகன், ஒரு நாளும் விடேல்லை."

எனக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று சொல்கிறேன். அப்பா பகலில் நித்திரையாகும் நேரம் போன் என்னிடம்தான் இருக்கும். அந்த வெள்ளைக் கோட்டுக்காரரின் வேறு வீடியோக்களையும் பார்த்தேன். ஒன்றில் அதே கோட்டுடன் வழுக்கைக்கு எண்ணெய் விற்றார். இன்னொன்றில் பிள்ளை இல்லாதவர்களுக்கு லேகியம். ஒரு மனிதர் தலைமயிரிலிருந்து சிறுநீரகம் வரைக்கும் எல்லாவற்றையும் சுகப்படுத்துவார் என்றால் அப்பா போகிற கிளினிக்கில் அவ்வளவு பேர் ஏன் விடிய ஐந்து மணிக்கே வரிசையில் நிற்கிறார்கள்? எங்கே படித்தவர், எந்த ஆசுபத்திரி என்று தேடினேன். ஓரிடத்திலும் இல்லை. கீழே நன்றி சொல்லி எழுதியிருந்தவர்களில் பலர் ஒரே வசனத்தை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதியிருந்தார்கள்.

பிறகு வேறு பக்கங்கள் தேடினேன். நல்லவை முழுக்க ஆங்கிலம். போனே தமிழாக்கித் தரும், ஆனால் அந்தத் தமிழ், வெளிநாட்டுச் சுவாமி ஒருவர் தமிழ் பழகின கிழமையே கோயிலில் பிரசங்கம் வைத்தது மாதிரி. ஒரு வசனத்தை நாலு தரம் வாசிக்கவேண்டும். பத்தாம் வகுப்புப் படிப்புக்கு அது மலை. கொப்பியில் எழுதி எழுதி வாசித்தேன். எழுதினவர் பெயர் இருக்கிறதா, எப்போது எழுதியது, கடைசியில் ஏதாவது வாங்கச் சொல்கிறார்களா என்று பார்த்தேன். ஒரு பக்கத்தில் சொன்னதை இன்னும் இரண்டு பக்கங்களும் சொல்கின்றனவா என்றும் பார்த்தேன். சிறுநீரக வருத்தக்காரர்களுக்கென்று தமிழில் அச்சடித்த துண்டுப் பத்திரம் ஒன்றின் படமும் கிடைத்தது. மூன்று பக்கங்களும் அந்தத் துண்டும் ஒன்றையே சொல்லின. சிறுநீரகம் இவ்வளவு பழுதான ஆளுக்கு இளநீர் கூடாது, இலைச்சாறு கூடாது. அவற்றில் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது, இரத்தத்தில் கூடிக்கூடி நெஞ்சை நிறுத்திவிடும்.

அந்தத் துண்டின் படத்தை இரண்டாம் கிழமை உங்களுக்கு அனுப்பினேன். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சிரித்துக்கொண்டு குரலில் பதில் போட்டீர்கள். "எடியே, பத்தாம் வகுப்போடை நிண்டவளெல்லாம் இப்ப டொக்டரோ? அரைக்கிற வேலையைப் பாரடி டொக்டரம்மா." அம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். மார்க்கண்டு மாமா இரண்டு நாளாக வேலியால் எட்டிப் பார்த்து, "டொக்டரம்மா, எனக்கு முழங்கால் நோகுது, என்ன குடிக்க?" என்று கேட்டார். நீங்கள் பகிடிக்குத்தான் சொன்னீர்கள் என்று தெரியும். எனக்குத்தான் அதற்குப் பிறகு வாய் எழவில்லை. இலை உருவினேன், அரைத்தேன், வடித்தேன், கொடுத்தேன். தெரிந்துகொண்டே கொடுத்தேன், அண்ணை. நீங்கள் தெரியாமல் அனுப்பினீர்கள். நம் இரண்டு பேரில் யார் கூடப் பிழை செய்தவர் என்று நான் யோசிக்காத நாள் இல்லை.

இருபத்துமூன்றாம் நாள் அப்பா கிணற்றடியில் விழுந்தார். அம்மா உங்களுக்குத் தலைச்சுற்று என்று மட்டும் சொன்னார். தலைச்சுற்று இல்லை. கால் இரண்டும் மரத்துப்போய், நாடி அவ்வளவு மெதுவாக அடித்தது. ஆசுபத்திரியில் நெஞ்சில் கம்பிகள் ஒட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஓடி ஊசி போட்டார்கள். பொட்டாசியம் ஆறு தசம் எட்டு. ஐந்துக்கு மேலே போகக் கூடாதாம். டொக்டர் நல்லவர், இளம் ஆள். அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டார், வீட்டில் விசேஷமாக ஏதாவது குடிக்கக் கொடுக்கிறீர்களா என்று. அம்மா, "ஒண்டுமில்லை டொக்டர், நீங்கள் சொன்ன சாப்பாடுதான்" என்றார். ஏசுவார்கள் என்ற பயம். நேர்த்தியை வெளியே சொன்னால் அதன் பலன் போய்விடும் என்ற பயம். நான் அம்மாவுக்குப் பின்னால் சுடுதண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் என்னையும் பார்த்தார். "இளநீர்" என்று ஒரு சொல். எனக்கு அது தொண்டை வரைக்கும் வந்தது. அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்பாவின் சிறுநீரகம் வேலை செய்யும் அளவு இப்போது எட்டு. நூறில் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்துக்குக் கீழே போனால் மெசினில் இரத்தம் சுத்தப்படுத்தவேண்டும், கிழமைக்கு இரண்டு மூன்று தரம், இனி எப்போதும். டொக்டர் அதைச் சொன்னதும் அப்பா மறுத்துவிட்டார். எங்கள் செபநாயகம் பெரியப்பாவை மெசினில் ஏற்றி மூன்றாம் மாதம் பெட்டியில் கொண்டுவந்ததை அவர் மறக்கவில்லை. "ஏறினா இறங்கேலாத வள்ளத்திலை நான் ஏறமாட்டன்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். டொக்டர் அப்படியிருந்தும் கிளினிக் கொப்பியில் ஒரு நாள் குறித்துத் தந்தார். பெரிய கிழமைச் செவ்வாய், காலை ஏழு மணி. அதாவது வருகிற செவ்வாய். வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும் என்றார். அவர் அதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, உண்மையாகவே வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஆறு நாள் சாறும் இல்லை, இளநீரும் இல்லை என்று விட்டுவிட்டார். அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்த ஆறு நாளும் நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

போன ஞாயிறு நீங்கள் எடுத்தீர்கள். உங்களிடம் புதிய வீடியோ வந்திருந்தது. வருத்தம் முதலில் கூடித்தான் குறையுமாம், களைத்து விழுந்தால் உள்ளே இருந்த நஞ்சு வெளியேறுகிறது என்று அர்த்தமாம். "இடையிலை விட்டால்தான் ஆபத்து, விடாமல் குடியுங்கோ அப்பா, எனக்காகக் குடியுங்கோ" என்றீர்கள். உங்கள் குரல் உடைந்திருந்தது. பின்னால் பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டது. வேலைக்கு நடுவில் எடுத்திருக்கிறீர்கள். அப்பா, "ஓம் மகன்" என்றார். நேற்று விடிய ஐந்தரைக்கு அம்மா இளநீர் வெட்டுகிற சத்தத்தில்தான் நான் எழும்பினேன். தவறின நாட்களைப் பாஸ்குப் பெருநாளுக்குப் பிறகு சேர்த்துக் குடிக்கலாம் என்று பங்குச் சுவாமியிடம் கேட்காமலே முடிவெடுத்துவிட்டார்.

நேற்றும் இன்றும் நான் களவு செய்தேன். இரண்டாவது இளநீரை வேலிக்கரையில் ஊற்றிவிட்டு, சாற்றுக்குப் பதிலாகக் ஒரு கோப்பைத் தண்ணீரில் நாலு இலையைக் கசக்கி நிறம் வரப்பண்ணிக் கொடுத்தேன். நேற்று அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார். "என்ன பிள்ளை, முருங்கை இதுக்குள்ளை குளிச்சுப்போட்டுப் போயிட்டுதோ?" என்றார்.

அம்மா போய்விட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், இது உங்களுக்குக் கூடாது அப்பா, இதுதான் உங்களை விழுத்தினது, நான் வாசித்தேன் என்று. பதினேழு வயதில் முதல் தடவையாக அப்பாவுக்கு முன்னால் அவ்வளவு கதைத்திருக்கிறேன்.

அப்பா கோப்பையை நிலத்தில் வைத்தார். "தெரியும் பிள்ளை" என்றார்.

ஆசுபத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பரமலிங்கம் என்பவர் சொல்லிவிட்டாராம், இளநீர் எங்களுக்கு நஞ்சு என்று. அவர் மெசினுக்கு வந்துபோகிறவர். பிறகேன் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்பா சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். பிறகு எழுதினால் மாறிவிடும்.

"உன்ரை அண்ணன் ஏழு வருசமா அங்கை நிக்கிறான். வர ஏலாது, பாக்க ஏலாது. என்ரை வருத்தத்துக்கு அவனாலை செய்ய ஏலுமானது உது ஒண்டுதான். குடிச்சனீங்களோ எண்டு கேப்பான். ஓம் எண்டு நான் சொல்லேக்கை அவன் ஒரு மூச்சு விடுவான் பார், அது எனக்கு இஞ்சை கேக்கும். குடியாமல் ஓம் எண்டு சொல்லலாம்தான். தவக்காலத்திலை பிள்ளைக்குப் பொய் சொல்லுறதோ?"

அப்போ மெசினுக்காவது போங்கோ அப்பா என்றேன். வீங்கின காலைத் தடவிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு, "அதைப்பற்றி அவன் ஒண்டும் சொல்லேல்லைத்தானே" என்றார். கோப்பையில் மிச்சம் இருந்ததையும் எடுத்துக் குடித்துவிட்டார். வெறும் தண்ணீர்தான், இருந்தாலும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதை எழுதவேண்டாம் என்று இரண்டு தரம் கிழித்தேன். இதை வாசித்த பிறகு நீங்கள் அங்கே தனியாக ஒரு அறையில் எப்படி இருப்பீர்கள் என்று யோசித்தேன். பக்கத்தில் கையைப் பிடிக்க ஆள் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை எனக்காக நிற்காது.

உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். மெசின் சுகப்படுத்தாது. அப்பா இனிச் சுகப்படமாட்டார். நான் நம்பி வாசிக்கிற பக்கங்களில் ஒன்றும் சுகப்படும் என்று சொல்லவில்லை. அவை ஒருவருக்கும் ஒரு வாக்கும் தருவதில்லை, அண்ணை. இத்தனை மாதம் என்றுகூடச் சொல்லாமல், சிலருக்கு வருடங்கள், சிலருக்கு அதுவும் இல்லை என்கின்றன. வாசித்துவிட்டுப் போனை மூடினால் நெஞ்சுக்குள் கல் வைத்தது போல இருக்கும். உங்கள் வீடியோக்காரர் நாற்பது நாள் என்று சிரித்த முகத்தோடு சொல்லும்போது அவரையே நம்பிவிட்டால் என்ன என்று எனக்கும் எத்தனையோ தரம் ஆசை வந்தது. நீங்கள் வேலை முடிந்து ரெயினில் நின்றபடி பார்த்திருப்பீர்கள். உங்களுக்கும் அந்த ஆசைதான் வந்திருக்கும். அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

மெசினுக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்றும் வாசித்திருக்கிறேன். அதைத் தமிழில் எழுத எனக்கு மனம் வரவில்லை. சிறுநீரகம் கொடுக்க எத்தனை வயது ஆகவேண்டும் என்றும் தேடினேன். அது இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

ஒரேயொரு உதவி கேட்கிறேன். இந்த ஞாயிறு குருத்தோலைப் பூசை முடிந்து நீங்கள் எடுக்கும்போது, அப்பா குடிச்சனீங்களோ என்று கேட்கவேண்டாம். செவ்வாய்க்கிழமை மெசினுக்குப் போறியளோ என்று கேளுங்கள். எனக்காகப் போங்கோ என்று போன கிழமை சொன்ன அதே குரலில் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் அவர் ஓம் என்று சொல்லுவார். ஓம் என்று சொன்னால் தவக்காலத்தில் அதைப் பொய்யாக்கமாட்டார். அம்மாவிடம், நேர்த்தி முறியவில்லை, மெசினும் யாகப்பர் அனுப்பினதுதான் என்று சொல்லுங்கள். நான் சொன்னால் சிரிப்பார். நீங்கள் சொன்னால் அழுவார், ஆனால் கேட்பார். மன்னிப்புக் கேட்டு அப்பாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். நீங்கள் அறிந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் அதைத்தான் அவரால் தாங்க முடியாது. நான் எழுதினேன் என்றும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போவேன். அந்த டொக்டர் நின்றால் இளநீர் என்ற சொல்லை எப்படியும் சொல்லிவிடவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். வாய் வராவிட்டால் துண்டைக் கொடுப்பேன்.

அண்ணை, நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிரில் தலையை மூடாமல் திரியாதீர்கள். உங்களுக்கும் இரத்தம் சோதித்துப் பாருங்கள், அப்பாவின் சிறுநீரகத்தைப் பழுதாக்கின சீனி வருத்தம் குடும்பத்தில் இறங்குவது என்று எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறது. மாதாவும் யாகப்பரும் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க இரவு செபத்தில் உங்கள் பெயரைச் சொல்லித்தான் முடிக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
லவீனா

பின்குறிப்பு: ஞாயிறு நீங்கள் கேட்டவுடன் அப்பா பேசாமல் இருந்தால், லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். ஓம் என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். பொறுத்திருங்கள்.